குரலில் பிறக்கும் வினா

குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாட்களில், வினவுவதற்கு 'நே' என்னும் விகுதி உண்டெனக் கற்றோம். நம் 'ஆ' விகுதிபோல் அது சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும். 'ஆம்' என்னும் விடையை எதிர்பார்த்துக் கேட்பதற்கு 'நோன்னே', 'இல்லை' என்பதை எதிர்பார்த்துக் கேட்பதற்கு 'நும்' எனத் தனிச்சொற்களும் இருந்தன. இலத்தீனின் மகளாகிய ஸ்பானிய மொழியோ, தாய்வீட்டுச் சீதனத்தில் இவற்றுள் ஒன்றையும் எடுத்து வரவில்லை.

ஸ்பெயின் நாட்டுப் பங்கு ஒன்றில் ஒரு கோடைக்காலம் நோயாளிகளைச் சந்தித்து வந்தபோதுதான் இதன் பொருள் எனக்கு நன்கு விளங்கிற்று. 'லே துவேலே' என்றால் 'தங்களுக்கு வலிக்கிறது' என்று பொருள். அதே சொற்களை இறுதியில் குரலை உயர்த்திச் சொன்னால் 'தங்களுக்கு வலிக்கிறதா?' என்றாகிவிடும். ஓர் எழுத்துக்கூடக் கூடுவதில்லை. படுக்கையருகே நிற்பவனுக்கு இது சிறிய செய்தியன்று. குரல் உயராவிடில், நோயாளியின் வேதனையை அவரிடம் கேட்பதற்குப் பதிலாக நாமே அவருக்கு அறிவித்தவராவோம். அவர் வாய் திறக்க இடமேது? அங்குள்ள முதியோர், கூற்றாகவே ஒன்றைச் சொல்லி, இறுதியில் 'வெர்தாத்?', அதாவது 'உண்மைதானே?' என்று சேர்ப்பர். "நாளையும் வருவீர்கள், வெர்தாத்?" என்று ஒரு மூதாட்டி கேட்பார். பழைய 'நோன்னே' செய்த வேலையை இச்சொல் செய்கிறது. மறுக்க எவருக்கும் மனம் வராது.

பேச்சில் குரல் உண்டு, ஏட்டில் ஏது? 1713இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரச மொழிக் கழகம், 1754இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில் இதற்கு வழி கண்டது. வினாவின் இறுதியில் மட்டுமன்றித் தொடக்கத்திலும் ஒரு வினாக்குறியைத் தலைகீழாக இடச் சொன்னது. முதலில் நீண்ட வாக்கியங்களுக்கென எழுந்த அவ்வழக்கம் பின்னர் எல்லா வினாக்களுக்கும் பரவிற்று. வாசக மேடையில் நின்று உரக்கப் படிப்போர் இதன் அருமையை அறிவர். வாக்கியத்தின் நடுவிலும் அக்குறி வரும். 'களைப்பாயிருந்தால், ஏன் ஓய்வெடுக்கக் கூடாது?' என்பதில், 'ஏன்' என்பதற்கு முன்னர்தான் அது நிற்கும்.

'கே' (என்ன), 'கியென்' (யார்), 'தோந்தே' (எங்கே), 'குவாந்தோ' (எப்போது) போன்ற வினாச்சொற்கள் பெரும்பாலும் வினாவின் முதலிலேயே வரும். அங்கே குரல் உயர வேண்டியதில்லை. பொதுவாக இறுதியில் தாழும். ஆனால் இச்சொற்களின் உயிரெழுத்துமேல் ஒரு சாய்கோடு இட்டாக வேண்டும். அது இல்லையேல் 'குவாந்தோ' என்பது 'வரும்பொழுது' என்பதிலுள்ள வெறும் 'பொழுது' ஆகிவிடும். 'எங்கே வாழ்கிறார் என்று அறியேன்' என வினா வாக்கியத்துள் ஒடுங்கி, வினாக்குறி மறைந்தாலும் அக்கோடு மறையாது. சாய்கோட்டுடன் 'போர் கே' எனப் பிரித்து எழுதினால் 'ஏன்'. கோடின்றி 'போர்கே' எனச் சேர்த்து எழுதினால் 'ஏனெனில்'. நம் 'ஏன்' என்பதிலிருந்தே 'ஏனெனில்' பிறக்கவில்லையா?

வயதைக் கேட்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறீர்கள்?' என்பர். தொண்ணூறைத் தாண்டியவர்கள், சேமித்த பணத்தை எண்ணிச் சொல்வதுபோல் பெருமையாக விடையளிப்பார்கள்.