ஃப்ரீ என்றொரு பெயரடை

நம் அன்றாடப் பேச்சில் 'ஃப்ரீ' என்ற ஆங்கிலப் பெயரடை அளவுக்கு உழைக்கும் சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் நண்பர், "சாயந்தரம் ஃப்ரீயா?" என்கிறார். தையற்காரர் சட்டையைக் கொஞ்சம் ஃப்ரீயாகத் தைத்திருக்கிறார். வைத்தியர் வயிறு ஃப்ரீயாகப் போகிறதா என்று கேட்கிறார். மளிகைக் கடையில் சுகர் ஃப்ரீ பிஸ்கட் கிடைக்கிறது. சோப்பு மூன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ. சண்டை மூண்டால், "ஃப்ரீயா விடுங்கண்ணே."

ஓய்வு, தளர்வு, தடையின்மை, இல்லாமை, இலவசம், பொருட்படுத்தாமை என்று தமிழ் தனித்தனியே வைத்திருப்பதையெல்லாம் இந்த ஒரு சொல் சுமக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, விடுதலை என்ற பொருளும் அதற்கு உண்டு.

இந்த மயக்கம் ஆங்கிலத்தாரையும் விடவில்லை. 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாம் பேசுவது சுதந்திரத்தைப் பற்றி, விலையைப் பற்றியல்ல என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. தமிழிலோ 'கட்டற்ற மென்பொருள்' என்றதும் வேலை முடிந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றே அழைத்துக்கொள்கிறது.

நிற்க. சொல்லைத் தேர்வது அகராதிக்காரரின் கவலை மட்டுமன்று. தமிழக அரசு 2011இல் மடிக்கணினியும் மிக்சியும் வழங்கத் தொடங்கியபோது அவற்றை 'விலையில்லா' பொருள்கள் என்றது. 'இலவசம்' என்ற சொல்லில் வாங்குபவரின் கை சற்றே தாழ்ந்துவிடுகிறது என்பதை அந்தப் பெயர் மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது என்றே நமக்குப் படுகிறது.

அந்தத் தாழ்வை நாங்கள் கண்ணெதிரே கண்டது 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகுதான். தோப்புத் தோப்பாகத் தென்னைகள் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர் இருளில் கிடந்தது. நிவாரண லாரியிலிருந்து ஓர் இளைஞர், "எல்லாம் ஃப்ரீதான், வாங்க" என்று நல்ல மனத்தோடுதான் கூவினார். எங்கள் அப்பத்தா திண்ணையை விட்டு எழவில்லை. "ஓசியில வாங்கித் தின்னு பழக்கமில்ல தம்பி" என்றார். பக்கத்து வீட்டு அக்காதான் தார்ப்பாயையும் அரிசியையும் வாங்கிவந்து, "ஊருக்கு வந்துச்சு அப்பத்தா, இது ஒங்க பங்கு" என்று வைத்தார். பங்கு என்றதும் அப்பத்தா கை நீட்டிப் பெற்றுக்கொண்டார். அதே அரிசி, அதே தார்ப்பாய்.

அப்பத்தாவின் அந்தப் 'பங்கு'க்குப் பக்கத்தில் வைக்கத்தக்க சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, 1959இல் இருபத்தொன்பது வயதிலேயே மறைந்த கல்யாணசுந்தரத்தின் படைப்புகளை அரசு பொதுவாக்கியிருக்கிறது. அவற்றை நூலாக அச்சிட எவரும் காசு தர வேண்டியதில்லை. ஆனாலும் அவர் பாட்டு நமக்கு இலவசமாகக் கிடைத்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. நாட்டுடைமை என்கிறோம்.