மூன்று இம்பெல்லர்களில் எது அசல்?

வார்ப்பாலை, கடைசல் பட்டறை என்று கரி படிந்த இடங்களாகப் பார்த்து எழுதிவந்தவனை, இந்த முறை கோவை நண்பர் ஒருவர் ஏசி அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். ஆவாரம்பாளையம் பக்கம் பம்ப் தயாரிக்கும் நிறுவனம். அங்கே டிசைன் பிரிவில் வருடக்கணக்காகச் சேர்ந்துபோன, ‘இன்வென்டர்’ என்கிற டிசைன் மென்பொருளின் கோப்புகளை ‘வால்ட்’ என்கிற தரவுக் களஞ்சியத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காப்பி பேஸ்ட்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தேன். “வீடு மாத்துறப்ப சாமானைத் தூக்கி வண்டியில வைக்கிறதா வேலை? எது யாருதுன்னு பிரிக்கிறதுதானுங்க வேலை. வந்து பாருங்க” என்றார்.

ஒரு மோனோபிளாக் பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேசிங், தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர், ஷாஃப்ட், சீல், போல்ட், நட்டு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. இவற்றையெல்லாம் சேர்த்துக் காட்டும் அசெம்ப்ளி கோப்பு, எந்தப் பாகம் எந்தப் பெயரில் எங்கே கிடக்கிறது, எதோடு எது பொருந்துகிறது என்கிற விவரத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. பாகத்தின் கோப்பை யாராவது வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ, பெயரை மாற்றினாலோ போச்சு. அடுத்த முறை அசெம்ப்ளியைத் திறந்தால், அந்தப் பாகம் எங்கே என்று கேட்டு ஒரு பெட்டி எழும்பி நிற்கும். வேலை நெருக்கடியில் இருப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அசெம்ப்ளியில் அந்த இடம் ஓட்டையாகவே கிடக்கும்.

பொதுச் சர்வரில் எல்லாரும் எல்லாவற்றையும் திறக்கலாம். கடைசியாக சேவ் செய்தவர் வைத்ததே சட்டம். களஞ்சியத்தில் அப்படி முடியாது. ஒருவர் ‘செக் அவுட்’ செய்துவிட்டால் மற்றவர்கள் பார்க்கலாம், கைவைக்க முடியாது. திரும்ப உள்ளே வைக்கும்போதெல்லாம் ஒரு பதிப்பு சேரும். ரிலீஸ் ஆன வரைபடம் பூட்டப்படும். கோப்புக் குழப்பம் பெரிய நிறுவனங்களையும் படுத்திய விஷயம்தான். 2006-இல் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் வேலை இழுத்தடித்ததற்கு, ஹாம்பர்க்கும் துலூஸும் கேட்டியா மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வரைந்ததும் ஒரு முக்கியக் காரணம். விமானத்துக்குள் ஓடவேண்டிய ஒயர் மட்டுமே சுமார் 530 கிலோமீட்டர். செய்துவந்த ஒயர்க் கட்டுகள் சொன்ன இடத்தில் பொருந்தவில்லை.

சர்வர், எஸ்க்யூஎல், உரிமங்கள் பற்றி ஐடி பிரிவுத் தம்பி நீளமாக விளக்கினார். பாதிக்கு மேல் எனக்கு ஏறவில்லை, விட்டுவிடுகிறேன். என் கண் போனது மூலை மேசையில் இருந்த மூத்த டிராஃப்ட்ஸ்மேன் மீது.

ஐடிஐ படித்துவிட்டு டிராயிங் போர்டில் தொடங்கியவர். ட்ரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் கோடு போட்டு, தப்பினால் பிளேடால் பதமாகச் சுரண்டி, அம்மோனியா பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பிய தலைமுறை. பிறகு ஆட்டோகேட், அப்புறம் இன்வென்டர். “பேப்பர்ல சுரண்டுனா தடம் தெரியும் சார். யாரோ இங்க கைவெச்சிருக்கான்னு கண்டுபிடிச்சரலாம். இதுல எங்கீங்க தெரியுது?”

பக்கத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த பொறியியல் பட்டதாரிப் பெண். களஞ்சியத்துக்கு ஏற்றுமுன் கோப்புகளைச் சலித்துப் பார்க்கும் ‘ஆட்டோலோடர்’ தந்த பட்டியல் அவர் திரையில் சிவந்துகிடந்தது. காணாமல்போன கோப்புகள், ஒரே பெயரில் பல கோப்புகள். போல்ட் நட்டுகள் பாதி, போன வருடம் வேலையை விட்டுப்போனவரின் கணினியில் ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் கிடந்தன.

“அண்ணா, இம்பெல்லர் ஒரே பேர்ல மூணு இருக்கு. தேதி லேட்டஸ்டா இருக்கறதை வெச்சுக்கட்டுமா?”

“இரு அம்மணி, தேதியை நம்பாத.”

காரணத்தை எனக்கும் சொன்னார். பழைய பதிப்பில் செய்த கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து மூடினால், சேவ் செய்யவா என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. ஒரு கோடுகூட மாறியிருக்காது. எப்போதோ கைவிட்ட டிசைன் இன்றைய தேதியோடு பளபளவென்று நிற்கும்.

மூன்றையும் திறந்து அளந்தார். இரண்டில் போர், கீவே, வேன் எனப்படும் இதழ்களின் வளைவு எல்லாம் ஒன்றே, வெளிவிட்டம் மட்டும் வேறு. பேட்டர்ன் ஷாப்புக்குப் போன் போட்டார். “ஏனுங்க, அந்த இம்பெல்லருக்குப் பேட்டர்ன் ஒண்ணுதானுங்களே?” ஒன்றுதான். விஷயம் இதுதான்: ஒரே வார்ப்பை எடுத்து, வாடிக்கையாளர் கேட்கும் ஹெட்டுக்கு, அதாவது தண்ணீர் ஏறவேண்டிய உயரத்துக்கு ஏற்ப லேத்தில் விட்டத்தைக் குறைத்துக் கொடுப்பது பம்ப் தொழிலில் வழக்கம். ஹெட் ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி இறங்கும். விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால் ஹெட் சுமார் 19 சதவீதம் போய்விடும். ஆக, அந்த இரண்டுமே அசல், தனித்தனி எண் கொடுக்கவேண்டியவை. மூன்றாவது, வேனின் வளைவு மாறுவதற்கு முந்தைய பழசு. தேதி அதற்குத்தான் லேட்டஸ்ட்.

அந்தப் பெண் நினைத்தபடி செய்திருந்தால் இரண்டு நல்லவற்றைத் தள்ளிவிட்டுச் செத்ததைக் களஞ்சியத்தில் வைத்திருப்பார். பூட்டும் போட்டிருப்பார்கள். பிழை அதிகாரபூர்வமாகியிருக்கும். ஆனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வேலையை எடுத்திருக்கும் இடைநிலை நிறுவனம் கோப்புக் கணக்கில் பில் போடுகிறது. அதிலிருந்து கிள்ளி இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. போல்டும் ஒரு கோப்பு, அரைநாள் தின்ற இம்பெல்லரும் ஒரு கோப்பு. யோசிக்கிறவர் கணக்கில் பின்தங்கிப்போகிறார். நெசவுக்கு மாஸ்டர் வீவர், செங்கல்லுக்கு மேஸ்திரி என்று இடைத்தரகர்களைப் பற்றி எழுதி எழுதிக் கை சலித்தவன் நான். இங்கே அந்த ஆள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பவர்பாயிண்ட் காட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். மூத்தவருக்கு இதற்கென்று தனியாக ஒரு ரூபாயும் கிடையாது. தினசரி வேலைக்கு நடுவே ‘கொஞ்சம் பாத்துக் கொடுங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் இந்தத் திட்டத்தில் குப்பையை ஒழுங்காக அடுக்கிவைப்பதைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. நிர்வாகம் கொடுக்கும் பணம் அறிவு இருக்கும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகிறது.

எல்லாவற்றையும் ஏற்றவேண்டியதே இல்லை என்பது மூத்தவரின் கட்சி. “ஓடற மாடலை மட்டும் சுத்தம் பண்ணி ஏத்துங்க. பழைய சர்வரை யாரும் எழுத முடியாதபடி பூட்டி வெச்சிருங்க. ஸ்பேர் கேட்டு ஆர்டர் வர்றப்ப அந்தந்த பம்ப்பை எடுத்துக்கலாம்னு மொதல் மீட்டிங்லயே சொன்னேனுங்க. கேக்கலை.” எப்படிக் கேட்பார்கள்? ஒப்பந்தத்தில் ‘அனைத்துக் கோப்புகளும்’ என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. நான் கிளம்பும்போது, கண்காட்சி ஒன்றில் வைப்பதற்காகப் பாதியாக அறுத்துக் காட்டிய, யாருக்கும் விற்கவே விற்காத ஒரு பம்ப்பின் வாஷர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.