மார்க்குப் போடும் உத்தியோகம்

நம் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பற்றி, "உன் மனசில் பட்டதை எழுது" என்று ஆசிரியர் என்னிடம் சொன்னால் நான் என்ன எழுதுவேன் என்று நினைக்கிறீர்கள்? "கதாநாயகி ஆறு வாரமாக மாடிப்படியிலேயே நிற்கிறாள், கீழே இறக்கிவிட்டால் புண்ணியம்" என்றா? மாட்டேன். "கதை அற்புதமாக வளர்கிறது" என்றுதான் எழுதுவேன். என் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் அவர் அல்லவா?

இதே சங்கடம் கோடி கோடியாகக் கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களுக்கும் உண்டு. மணிலாவில் 1966-ல் ஆரம்பமான ஆசிய வளர்ச்சி பாங்கியை எடுத்துக் கொள்ளுங்கள். சாலை, மின்சாரம், குடிநீர் என்று ஆசிய, பசிபிக் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது அதன் தொழில். கொடுத்த பணத்தால் காரியம் நடந்ததா என்று பார்க்க 1978-லேயே தனி அலுவலகம் வைத்தார்கள். ஆனால் அது பாங்கித் தலைவருக்குக் கீழே இருந்தது. கடன் கொடுக்கும் இலாகாக்களுக்கும் எஜமானர் அவரேதான். என் தொடர்கதை விமர்சனம் மாதிரிதான் போங்கள்!

2004-ல் இதை மாற்றினார்கள். மதிப்பீட்டு இலாகா இனித் தலைவரிடம் அல்ல, அங்கத்தினர் நாடுகளின் பிரதிநிதிகள் உட்காரும் டைரக்டர்கள் சபையிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். பிற்பாடு 'சுதந்திர மதிப்பீட்டு இலாகா' என்று பெயரும் சூட்டினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. இலாகாவின் தலைவருக்கு ஐந்து வருஷப் பதவி, நீட்டிப்புக் கிடையாது, முடிந்த பிறகு அந்தப் பாங்கியில் வேறு உத்தியோகமும் கிடையாது. இதை எழுதியவர் மனித சுபாவம் அறிந்தவர். நாளைக்கு யார் வாசலில் போய் நிற்க வேண்டுமோ என்ற நினைப்பு, இன்றைக்கே பேனாவைப் பிடித்து இழுத்துவிடும்!

திட்டம் முடிந்ததும் அதை நடத்தியவர்களே முதலில் ஓர் அறிக்கை எழுதித் தங்களுக்கு மார்க்கும் போட்டுக் கொள்கிறார்கள். அதை இந்த இலாகாவினர் சரிபார்க்கிறார்கள். சில திட்டங்களை நேரில் போயும் பார்க்கிறார்கள். திட்டம் தேவைதானா, நினைத்த பலன் வந்ததா, செலவுக்குத் தகுந்த பலனா, அது நிலைக்குமா என்று நாலு கேள்வி. நாலாவதுதான் பொல்லாதது. திறப்பு விழா அன்று எந்தக் குழாயில்தான் தண்ணீர் வராது? பம்பு பழுதானால் ரிப்பேருக்குப் பணம் இருக்கிறதா, கட்டணம் வசூலாகிறதா என்பதெல்லாம் மாலை போட்டுக் கொண்டவர்கள் ஊர் திரும்பிய பிறகல்லவா தெரியும்! 'வெற்றி' என்று தாங்களே போட்டுக்கொண்ட மார்க்கு, 'வெற்றிக்குக் குறைவு' என்று இறங்குவதும் உண்டு.

இறங்கினால் என்ன ஆகும் என்கிறீர்களா? அடுத்த திட்டத்துக்குப் பாடம் கிடைக்கும். ஆனால் இந்தத் திட்டத்துக்கு வாங்கிய கடனின் தவணை நிற்காது. ஏழை நாடுகள் சிலவற்றுக்கு மானியமும் கொடுக்கிறார்கள். மற்றபடி 'தோல்வி' என்றே முத்திரை விழுந்தாலும் அரசாங்கம் வட்டியோடு கட்ட வேண்டியதுதான். அந்தப் பணம், வராத தண்ணீருக்காகக் குடத்தோடு காத்திருக்கும் அம்மாளின் வீட்டு வரியிலிருந்தும் போகிறது.

அறிக்கைகளை ஒளித்து வைப்பதில்லை. இணையத்தில் யாரும் படிக்கலாம். ஆனால் பாங்கியின் அலுவல் மொழி இங்கிலீஷ். அறிக்கைகளும் பெரும்பாலும் அதில்தான். அந்த அம்மாளோ நேப்பாளியிலோ வங்காளியிலோ தமிழிலோ பேசுகிறவள். அவளுடைய ஊர்த் திட்டம் எத்தனை மார்க்கு வாங்கியது, ஏன் குறைந்தது என்று அவள் பாஷையில் ஒரே ஒரு பக்கம் எழுதி, அந்தக் குழாயடிச் சுவரிலேயே ஒட்டி வைக்கலாமே!