எல்லாப் புகழும்

புகழ் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பணிகள் உண்டு. ஒருவரைப் பலரும் அறிந்திருப்பதும் புகழ். ஒருவரைப் பலரும் போற்றுவதும் புகழ். ஆங்கிலத்தார் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கின்றனர். முன்னதற்கு அவர்கள் வழங்கும் 'ஃபேம்' என்னும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்கு ஊர்ப்பேச்சு, வதந்தி என்ற பொருள்கள் இருந்தன. நம் மொழியிலோ பேர் பெறுவதும் போற்றப்படுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இச்சொல்லைக் குறித்து நம்மை ஆழ்ந்து எண்ண வைத்தவர்கள், ஒரே விழாவில் விருது பெற்ற இரண்டு இசைக் கலைஞர்கள்.

2010ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 52ஆவது கிராமி விருது விழா நடைபெற்றது. சிறந்த மின்னணு நடன இசைத் தொகுதிக்கான விருது, லேடி காகா என்னும் இளம் பாடகிக்குக் கிடைத்தது. அத்தொகுதியின் பெயரே 'தி ஃபேம்', அதாவது புகழ். அதே விழாவில் நம் ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு விருதுகளைப் பெற்றார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் இசைத் தொகுதிக்கு ஒன்று. 'ஜெய் ஹோ' பாடலுக்கு மற்றொன்று. ஒருவர் புகழையே பாட்டின் பொருளாக்கியவர். மற்றவர், அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர் ஆஸ்கார் மேடையில் நின்று, அப்புகழ் தமக்குரியதன்று எனத் தமிழிலேயே உரைத்தவர்.

முதலில் அப்பாடகியின் தொகுதியைப் பார்ப்போம். 1986இல் நியூயார்க்கில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஸ்டெஃபானி ஜெர்மனோட்டா. 2008 ஆகஸ்டில் அத்தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது 22. பணம், கேளிக்கை, நடனக் கூடம், விரட்டி வரும் புகைப்படக் கருவி ஆகியவையே பாடல்களின் பொருள். அவற்றுள் உலகெங்கும் ஒலித்த சில பாடல்களுக்கு மின்னணு ஓசையை அமைத்தவர், மொராக்கோ நாட்டின் தெத்துவான் நகரில் பிறந்து 'ரெட்ஒன்' என்ற பெயரில் விளங்கும் நாதிர் கய்யாத் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். எவரும் தம்மைப் புகழ்பெற்றவராக உணரலாம் என்பதே தொகுதியின் கருத்தென அப்பாடகி விளக்கினார்.

ஆனால் அடுத்த ஆண்டே காட்சி மாறிற்று. 2009 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த ஒரு விருது விழாவில், புகைப்படக்காரர்களைப் பற்றிய 'பாப்பராசி' பாடலைப் பாடியவர், வெள்ளாடையில் செயற்கைக் குருதி வழிய, மாண்டவர்போல் மேடையின் மேலே தொங்கினார். அவ்வாண்டின் இறுதியில் வந்த தொகுதிக்கோ 'புகழ் அரக்கன்' எனப் பொருள்படும் பெயர். அவருடைய உடையும் ஆட்டமும் நம் இல்லங்களுக்கு ஏற்றவையல்ல. எனினும், புகழை விரும்பிப் பாடிய ஒருவரே அது ஆளை விழுங்கும் என்பதையும் நடித்துக் காட்டினார் அன்றோ? அந்த எச்சரிக்கையை நாம் புறந்தள்ள இயலாது.

இனி ரஹ்மானிடம் வருவோம். அவருடைய இசையும் மின்னணுக் கருவிகளோடு வளர்ந்ததே. 1967இல் சென்னையில் பிறந்த அவர், இசைத் துறையில் உழைத்த தந்தை ஆர். கே. சேகரை 9ஆம் வயதில் இழந்தார். தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் காலந்தள்ளிற்று. இளமையிலேயே பிறருடைய குழுக்களில் கீபோர்டு வாசித்துப் பொருளீட்டினார். 1992இல் 'ரோஜா' அவரை நாடறியச் செய்தது. அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், 'தீன் இசை மாலை' என்னும் இஸ்லாமியப் பாடல் தொகுதிக்கு அவர் இசையமைத்திருந்தார் என்பதை நம்மவரிலும் பலர் அறியார்.

1993இல் பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' படத்திற்கு அவர் இசையமைக்கின்றார் என்ற செய்தி வந்தபோது, கம்ப்யூட்டர் இசைக்காரருக்கு மண்ணின் மணம் எங்கிருந்து வரும் என்று நம் பக்கத்தில் ஐயுற்றோர் உண்டு. பாடல்கள் வந்தன. திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் தேநீர்க் கடைதோறும் அவை ஒலித்தன. ஐயுற்றவர்களே அவற்றை முணுமுணுத்துக்கொண்டு வயலுக்கும் சந்தைக்கும் சென்றதை நாம் கண்டோம்.

2009 பிப்ரவரி 22ஆம் நாள் ஆஸ்கார் மேடையில் அவர் இரண்டு விருதுகளைப் பெற்றார். "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று அங்கே மொழிந்தார். உண்டு முடித்தாலும், தும்மினாலும், பிள்ளை தேர்வில் தேறினாலும் 'அல்ஹம்து லில்லாஹ்' என்று நம் நாவில் தானே வரும் சொல்லின் தமிழ் வடிவம் அது. வழங்கி வழங்கித் தேய்ந்துபோன சொல் என்று நாம் எண்ணியிருந்ததை அன்று உலகமே கேட்டது.

அடுத்த சில நாள்களில் கீழமாசி வீதியில் நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரர், நம் சமயத்தைச் சாராத பெரியவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "பாய், உங்க ஆளு எல்லாத்தையும் மேலே இருக்கறவருக்கே கொடுத்துட்டாரே, அவருக்குன்னு என்ன மிச்சம்?"

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆயினும் அவ்வினா நம்மை விடவில்லை. உண்மையில் என்ன மிஞ்சுகின்றது?

விடையை ரஹ்மானின் தொழிலிலேயே தேடினோம். ஒலிநாடாக்கள் விற்ற காலத்தில் திரையிசை உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்களே பெரும்பாலும் இருக்கும். குழல் வாசித்தவர் யார், கிதார் மீட்டியவர் யார், ஒலியைப் பதிந்தவர் யார் என்பது கேட்போருக்குத் தெரியாது. ரஹ்மானின் தொகுதிகளிலோ அவர்கள் பெயர்கள் அச்சேறின. அவ்வாறு நாம் அறிந்த பெயர்களுள் ஒன்று ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர். பல்லாண்டுகள் உடனுழைத்த அவர், ஆஸ்கார் விழாவுக்குச் சில வாரங்கள் முன்னர், 2008 டிசம்பரில் மறைந்தார். ஒரு பாட்டுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு! 2008இலேயே ரஹ்மான் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இசை பயிற்றும் குழுவொன்றும் அவருடைய அறக்கட்டளையின் ஆதரவில் உருவாயிற்று.

ஆகவே, புகழை உரியவனிடம் சேர்த்துவிட்டவருக்கு மிஞ்சுவது கடமை. உடனுழைத்தவரின் பெயரைச் சொல்லும் கடமை. பின்வருவோருக்குக் கற்றுக்கொடுக்கும் கடமை. வள்ளுவர் 'ஈகை' அதிகாரத்தை 23ஆவதாக வைத்து, அதையடுத்து 24ஆவதாகப் 'புகழ்' அதிகாரத்தை வைத்தார். இல்லறத்தான் கொடுத்த பின்னரே புகழைப் பற்றிப் பேச்சு. அவ்வரிசையின் நுட்பம் இப்போது நமக்கு இன்னும் தெளிவாக விளங்குகின்றது.

நம் மதுரையைப் போல் முகங்களைச் சுவரில் ஒட்டி மகிழும் ஊர் மற்றொன்று இருக்குமா என்பது ஐயமே. திரைப்பட நடிகருக்குச் சுவரொட்டி ஒட்டிய பழக்கம் திருமணத்திற்கும் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பரவிற்று. நம்மவர் மட்டும் விதிவிலக்கா? உம்ராவுக்குப் புறப்படுவோரின் முகத்தைப் பேனரில் அச்சிட்டுத் தெருமுனையில் கட்டுவதையும் பார்க்கின்றோம். இறைவனுக்காகச் செய்யும் பயணத்தை ஊருக்கு ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்?

இதே ஊர்தான் டி. எம். சௌந்தரராசனைத் தந்தது. எம்.ஜி.ஆர். வாயசைத்தாலும் சிவாஜி வாயசைத்தாலும் ஒலித்தது அவர் குரல். திரையில் தெரிந்த முகமோ பிறருடையது. 2013இல் அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 2023இல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை எழுந்தது. முகம் காட்டாமல் உழைத்த குரலையும் ஊர் மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் இங்கே எழுதக் காரணம் நம் உறவில் உள்ள ஒரு சிறுவன். மேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன், வயது 13, இனிய குரல். மீலாது மேடையில் அவன் பாடியதை யாரோ கைப்பேசியில் பதிந்து பரப்பிவிட்டனர். சில நாள்களில் பல்லாயிரம் பேர் பார்த்ததாக எண் காட்டிற்று. அவன் அத்தா, சென்னைக்கு அழைத்துச் சென்று தொலைக்காட்சிப் போட்டியில் சேர்க்க எண்ணினார். நன்னாவோ, பாட்டே வேண்டாம் என்றார். வீடு இரண்டுபட்டது. அடுத்துப் பதிந்த பாடலை நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரவில் விழித்திருந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்று அவன் தாய் வருந்தினார்.

நாம் அவ்வீட்டிற்குச் சென்றிருந்த ஒரு மாலையில், "ஒரு பாட்டுப் படிடா" என்றார் அவன் நன்னி. "யாரு நன்னி ரெக்கார்டு பண்றது?" என்று கேட்டான் சிறுவன். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிவு செய்யாவிட்டால் பாடுவதே வீண் என்று அவன் எண்ணத் தொடங்கிவிட்டான்! "எனக்காகப் படி. என் காது போதும்" என்றார் அந்த மூதாட்டி. பாடினான், நன்றாகவே பாடினான். இடையில் இருமுறை கைப்பேசி இருந்த பக்கம் அவன் பார்வை சென்று மீண்டது.

இசை கூடுமா கூடாதா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கை இங்கே தீர்க்க நாம் வரவில்லை. ஆனால் குரலைக் குறித்து, இரு சாராரும் ஏற்கும் ஒரு நபிமொழி 'ஸஹீஹ் முஸ்லிம்' தொகுப்பில் உள்ளது. மறுமையில் முதலில் விசாரிக்கப்படுவோருள், 'ஓதுபவன்' என்று மக்கள் தன்னைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே குர்ஆன் ஓதிய ஒருவனும் இருப்பான் என்றும், அப்பேர் அவனுக்கு உலகிலேயே கிடைத்துவிட்டதாகக் கூறப்படும் என்றும் அது எச்சரிக்கின்றது. அவன் கூலியை முன்னரே பெற்றுக்கொண்டான். இறைமறையை ஓதிய குரலுக்கே இந்நிலை என்றால், மற்றக் குரல்களுக்கு என்ன சொல்ல?

சிறுவனின் அத்தாவிடம் நாம் சொன்னது இதுதான்: பிள்ளையின் வாயை அடைக்கவும் வேண்டாம், அவனைச் சந்தைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டாம். பள்ளிப் படிப்பு முடியும்வரை எண்கள் காட்டும் அந்தக் கருவி அவன் கையில் இராதிருக்கட்டும். மேடையேறினால், ராகத்தைத் திருத்திக்கொடுத்த மக்தபு உஸ்தாதின் பெயரை முதலில் சொல்லப் பழகட்டும். வெள்ளிக்கிழமைதோறும் தெருவின் சிறுபிள்ளைகள் நால்வருக்குத் தான் அறிந்ததைக் கற்றுக்கொடுக்கட்டும். அவர் உடனே இசையவில்லை, யோசிக்கின்றேன் என்றார்.

வாசகப் பெருமக்களே! இத்தகைய பிள்ளை இன்று நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்றான், இருக்கின்றாள். அவர்களுக்கு நாளை பேர் வரலாம், வராமலும் போகலாம். அது நம் கையில் இல்லை. பாடி முடித்தவுடன் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாம் கேட்கின்றோமா, யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கின்றோமா? அது நம் கையில்தான் இருக்கின்றது. தும்மும்போதும் உண்ணும்போதும் எளிதாக வரும் அந்தச் சொல், கைதட்டல் கேட்கும் வேளையிலும் நம் பிள்ளைகளின் நாவில் எளிதாக வர வேண்டும். அதற்கு முதலில் அது நம் நாவில் உண்மையாக வரட்டும்.