பழத்தைத் தின்னலாம், மரத்தைத் தின்னலாமா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “மூன்று வருஷத்துக்கு ஒரு மாந்தோப்பைப் போக்கியத்துக்கு எடுத்திருக்கிறேன். முதல் வருஷத்திலிருந்தே நிறைய காய்க்க என்ன மருந்து வைக்கலாம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஒருமுறை அப்படித்தான் முடித்தேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்த்தேன். ஒரு விவசாயி இதே கேள்வியோடு அலுவலகத்துக்கு வந்தார். பூப்பைத் தூண்டும் பக்லோபுட்ரசால் மருந்தை எப்போது, எவ்வளவு, மரத்தைச் சுற்றி எப்படி ஊற்றுவது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தோப்பு அவருடையதா என்று கேட்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து ஓர் அம்மா வந்து தன் தோப்பைப் பார்க்கக் கூப்பிட்டார். மகள் கல்யாணத்துக்காகப் போக்கியத்துக்கு விட்டு, அப்போதுதான் பணம் கட்டித் திருப்பியிருந்தார். போய்ப் பார்த்தால், கொழுந்து நீளாமல் இலைகள் கொத்துக் கொத்தாக அடைத்து நின்றன. பல கிளைகள் காய்ந்திருந்தன. அந்த மருந்து துளிர் வளர்ச்சியை அடக்கித்தான் பூக்க வைக்கிறது, மண்ணிலும் தங்கும். அதை வருஷம் தவறாமல், அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். எருவோ கவாத்தோ எதுவும் இல்லை.

“மூணு வருஷம் பழத்த அவரு தின்னாரு சார், அது நியாயம். மரத்தையும் சேத்துத் தின்னுட்டாரே” என்றார் அந்த அம்மா. போக்கியம் எடுத்தவர் பெயரைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. சீட்டு எழுதிக் கொடுத்தது நான்தான் என்று அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அந்த வார்த்தையின் முழு அர்த்தம் என் மகள் சட்டம் படிக்கும்போதுதான் விளங்கியது. ஒருநாள், “அப்பா, ஃப்ரூட்டுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். பூவின் சூற்பை முதிர்ந்தால் பழம். அந்தக் கணக்கில் கத்தரிக்காய், வெண்டைக்காய், நெல்மணிகூடப் பழம்தான் என்று கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். “அது உங்க அர்த்தம். எங்க புத்தகத்துல வேற இருக்கு” என்று விளக்கினாள்.

நம் சொல் பழுப்பதிலிருந்து வந்தது, பழுத்தது பழம். ஆங்கிலத்தின் ‘ஃப்ரூட்’ லத்தீன் மொழியின் ‘ஃப்ரக்டஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வினைச்சொல் ‘ஃப்ரூயி’. அதற்கு அனுபவித்தல் என்று பொருள். ரோமானியர்களுக்கு ஃப்ரக்டஸ் என்றால் மரத்துப் பழம் மட்டுமல்ல. நிலத்தின் விளைச்சல், ஆட்டின் பால், கம்பளி, குட்டி, வரும் லாபம் எல்லாமே அதில் சேர்த்திதான். நாம் ‘உழைப்பின் பலன்’ என்கிறோமே, அந்தப் பலனும் பழத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான்.

அடுத்தவர் சொத்தின் பலனை அனுபவிக்கும் உரிமைக்கு ரோமச் சட்டத்தில் ‘யூசுஸ்ஃப்ரக்டஸ்’ என்று பெயர். அதற்கு ஒரே நிபந்தனை, சொத்தின் மூலம் கெடக்கூடாது. 533-ஆம் ஆண்டு ஜஸ்டீனியன் பேரரசர் வெளியிட்ட சட்ட நூலில் இதை விவசாயி பாஷையிலேயே சொல்லியிருக்கிறார்கள். மந்தையை அனுபவிப்பவர், செத்த ஆட்டுக்குப் பதிலாகப் பிறந்த குட்டியை மந்தையில் சேர்க்க வேண்டும். பட்டுப்போன திராட்சைக் கொடிக்கும் மரத்துக்கும் பதிலாகப் புதிது நட வேண்டும்.

நம் போக்கியமும் அதேதான். போகம் என்றால் அனுபவித்தல். ‘ஆண்டு அனுபவித்து’ என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, அதே அனுபவம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 76-ஆம் பிரிவில், அடமானச் சொத்தைக் கையில் வைத்திருப்பவர் தன் சொத்தைப் போலவே அதைப் பராமரிக்க வேண்டும், அதற்கு நிரந்தரச் சேதம் செய்யக்கூடாது என்கிறது. அந்த அம்மா சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது இதைத்தான்.

இனி வாசகருக்கு என் பதில். முதல் வருஷம் மருந்து வேண்டாம். அறுவடை முடிந்ததும் காய்ந்த, நோயுற்ற, நெருக்கியடித்த கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். தொழுவுரமும் மண் ஆய்வுப்படி உரமும் வையுங்கள். பட்டுப்போன இடத்தில் நல்ல ஒட்டுக்கன்று நடுங்கள். அது காய்க்கும்போது தோப்பு உங்களிடம் இருக்காது, இருந்தாலும் நடுங்கள். பிறகும் பூப்பு சரியில்லை என்றால், தோட்டக்கலை அலுவலரை நேரில் அழைத்து மரத்தின் வயதையும் பரப்பையும் காட்டிவிட்டு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். அப்போது நிலத்துக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும்.

போக்கியத்துக்கு விடுபவர்களும் எத்தனை மரம், என்ன நிலையில் ஒப்படைத்தோம், பட்டுப்போனால் யார் கன்று நட வேண்டும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போதெல்லாம் யார் மருந்து கேட்டு வந்தாலும், “தோப்பு யாருது?” என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்த அம்மாவின் தோப்பு தேறிவர நான்கு வருஷம் ஆனது.