கல் தெரியும் சரிவு

ஸ்கீயைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும், அந்த வருஷம் குல்மார்க்கில் பனி எப்படி விழுந்தது என்று சொல்லிவிடலாம். நன்றாக விழுந்த பருவம் என்றால் பேஸில், அதாவது அடிப்பரப்பில், மயிரிழைக் கோடுகள்தான் இருக்கும். வாக்ஸ் போட்டால் மறைந்துவிடும். பனி பொய்த்த பருவம் என்றால் முனையிலிருந்து பூட் மாட்டும் பைண்டிங் வரைக்கும் கீறியிருக்கும். கறுப்பு பேஸ் கிழிந்து உள்ளே மரம் தெரியும். ஓரத்து இரும்பான எட்ஜ் கல்லில் உரசிய இடங்கள் நிறம் மாறிக் கிடக்கும்.

குத்தம்பாக்கத்தில் பிறந்தவன் நான். பட்டாளத்தில் சேர்ந்து, குல்மார்க்கில் உள்ள ஹை ஆல்டிட்யூட் வார்ஃபேர் ஸ்கூலில் ஸ்கீ கற்றேன். 1948-ல் ஸ்கீ பள்ளியாகத்தான் அது தொடங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் குளிர்காலம் வந்தால் அங்கே போய்விடுவேன். பகலில் புதிதாகக் கற்பவர்களோடு சரிவில் நிற்பது, சாயங்காலம் ஸ்கீ ட்யூனிங் பார்ப்பது, இதுதான் என் வேலை. ஆவடி, அம்பத்தூர், திருமழிசைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது வீடு தேடி வந்து, "அண்ணே, நாங்களும் கத்துக்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கற்கலாம். கொடகுப் பெண் பவானி கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் பதக்கம் வாங்குகிறார். பனி விழாத ஊரில் பிறந்தது தடையே இல்லை. ஆனால் கிளம்பும் முன் பனி இல்லாத ஒரு நாளைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோவில் யாரும் அதைக் காட்டுவதில்லை.

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழல்கள்தான் காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. வானிலைக்காரர்கள் இவற்றை மேற்கத்திய இடையூறு என்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்தால் நம் செம்பரம்பாக்கம் ஏரி எப்படிக் கிடக்குமோ, அந்தச் சுழல்கள் வராவிட்டால் குல்மார்க் அப்படிக் கிடக்கும். டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளை அங்கே சில்லை கலான் என்று சொல்கிறார்கள். கடுங்குளிர்காலம் அது. பருவம் முழுக்கத் தாங்கக்கூடிய அடிப்பனி அந்த நாற்பது நாளில் விழுந்தால்தான் உண்டு. 2024-ல் அந்த நாட்கள் பெரும்பாலும் வெறும் வெயிலாகவே போயின. ஜனவரி பாதி தாண்டியும் புல்வெளி பழுப்பாகத் தெரிந்தது. குதிரைக்காரர்கள் வெறும் மண்ணில் குதிரையை நடத்திக்கொண்டு போனார்கள். ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் வேலையில்லாமல் காங்ரி என்ற கணப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஜனவரியில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வருஷம் முழுக்க லீவு எடுக்காமல் சேர்த்து வைத்து வந்திருந்தாள். கொண்டோலா என்ற கம்பிவடக் காரில் ஏறி, அதன் முதல் கட்டம் முடியும் கொங்டூரியில் போய் இறங்கினோம். நிழல் விழும் பக்கத்தில் மட்டும் பட்டை பட்டையாகப் பனி. நடுவில் புல், கல், மண். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. இவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு இந்த மலையைத்தானா காட்ட வேண்டும் என்று இருந்தது.

இருக்கிற பனியை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. இதில் எனக்குக் கண் திறந்துவிட்டவர் என் உஸ்தாத். லடாக்காரர், எங்கள் கோர்ஸில் பயிற்றுநர். அதிகம் பேசமாட்டார். சரிவின் தலைப்பில் எங்களை நிறுத்தி, ஸ்கீ மாட்டும் முன்னால் நிறத்தைச் சொல்லச் சொல்வார். மங்கலான வெள்ளை என்றால் காற்று அடுக்கிய பனி, கால் தாங்கும். சாம்பல் கலந்து பளபளத்தால் உறைபனி, எட்ஜ் இல்லாமல் நிற்காது. லேசாக மஞ்சள் தட்டினால் அடியில் புல் இருக்கிறது, பனி கனமில்லை. வெள்ளைக்கு நடுவில் சின்னக் குழி விழுந்து ஓரம் ஈரமாக இருந்தால் உள்ளே கல் வெயிலில் சூடேறிக்கொண்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் தலையை நீட்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பூட்டை பைண்டிங்கில் மிதிக்க விடுவார். இறங்கும்போது யாராவது ஸ்கீ முனையைப் பார்த்தால் பின்னாலிருந்து குரல் வரும்: "கண்ணு கால்கிட்டயே இருந்தா கால் கல்லு மேலதான் போய் நிக்கும். முன்னால பாரு."

நேரமும் பார்க்க வேண்டும். மெலிந்த பனி ராத்திரியில் உறைந்து காலையில் இரும்பாகக் கிடக்கும். அப்போது புதியவரை இறக்கினால் முழங்கால் போகும். வெயில் ஏறி மேல்தோல் இளகும்போது ஒரு மணி நேரம், கூடிப்போனால் இரண்டு, எட்ஜ் இதமாகப் பிடிக்கும். அதற்கு அப்புறம் கூழாகிவிடும். கூழில் ஸ்கீ ஒட்டும், ஆள் முன்னால் போவார். அன்றைக்கு அந்த இடைநேரத்துக்காகக் காத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் வெறும் புல்லிலேயே பூட் போட்டுச் சரிவில் பக்கவாட்டில் ஏறப் பழக்கினேன். கணுக்கால் பூட்டுக்குள் எப்படி மடங்க வேண்டும், கெண்டைச்சதை எங்கே அழுத்த வேண்டும் என்பதற்குப் பனியே வேண்டாம்.

பிறகு ஒரு சின்னப் பட்டையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நின்றோம். லிஃப்ட் இல்லை, கால்நடையாக ஏற்றம். ஸைட்ஸ்லிப் மட்டும்தான். குறுக்கே நின்று எட்ஜைத் தளர்த்தினால் வழுக்கும், சாய்த்தால் நிற்கும். மறுபடி தளர்த்து, மறுபடி நிறுத்து. கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் நல்ல பனியில் ஸ்கீ முனைகளைச் சேர்த்து வைக்கும் ஸ்நோபிளோவிலேயே எல்லாம் ஓடிவிடுவதால் பிள்ளைகள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்புறம் உறைபனியில் கத்தியபடி போய் வேலியில் நிற்பார்கள். மெலிந்த பனியில் இன்னொன்றும் தெரிய வேண்டும்: உறைபனிக்கு எட்ஜை ஊன்று, புல் தெரியும் இடத்தில் ஊன்றாதே. ஊன்றினால் எட்ஜ் பனியைக் கிழித்து அடியிலிருக்கும் கல்லைப் பிடிக்கும். அங்கே ஸ்கீயைத் தட்டையாக விட்டு, ஒரு காலை ஒரு சாண் முன்னால் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். புல் சட்டென்று இழுக்கும்போது முன்கால் தாங்கும். திருமழிசைப் பையன் ஒருவன் இரண்டு காலையும் ஜோடியாக வைத்துப் போய்க் குப்புற விழுந்தான். காலை மாற்றி வைத்துக் காட்டியதும் அடுத்த தடவை அதே புல்லைக் கடந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அன்றைய நாளில் எனக்கு நெஞ்சு நிறைந்த இடம் அது.

மத்தியானம் அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணே, மேல செகண்ட் ஃபேஸ்ல பனி இருக்குன்றாங்களே. போய்ப் பாத்துடலாமா?"

"வேணாம்மா" என்றேன். அவள் முகம் சுருங்கியது.

ஏன் மறுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாம் கட்டத்தில் கொண்டோலா அஃபர்வாட் மலைப் பக்கம் ஏறத்தாழ 3,980 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். அங்கே பனி தெரிவது உண்மை. அதன் கனம் தெரியாது, பாறை எல்லாம் மேல்தோலுக்கு அடியிலேயே இருக்கும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மெல்லிய பனி வாரக்கணக்கில் கடுங்குளிரில் கிடந்தால் அடிப்பகுதி சர்க்கரை மாதிரி மணி மணியாகப் பிரிந்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் திடீரென்று கனமாகப் புதுப்பனி விழுந்தால் மொத்தமாக நழுவும். அந்த வருஷம் பனி தாமதமாக வந்தது. பிப்ரவரி 22-ம் தேதி, கீழே கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நாளிலேயே, மேலே பனிச்சரிவில் ரஷ்யப் பயணி ஒருவர் இறந்துபோனார். பனி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஓடுகிற அவசரத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். புதுப்பனி விழுந்த பிறகு ரோந்துக்காரர்கள் சரிவைத் திறக்கும் வரை ரூமில் இருங்கள்.

செயற்கைப் பனி போடலாமே என்று கேட்பார்கள். அதற்கும் குளிர் வேண்டும். வெறும் குளிர் போதாது, காற்று உலர்ந்தும் இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுழியத்துக்கு இரண்டு டிகிரியாவது கீழே போனால்தான் பீய்ச்சுகிற தண்ணீர் பனியாக விழும். வெயில் காய்கிற ஜனவரியில் இயந்திரத்தை நம்பிப் போகாதீர்கள்.

சாயங்காலம் ஸ்கீக்களைத் துடைத்து மேஜையில் கவிழ்த்தோம். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். வாடகைக்கு எடுத்தாலும் தன் ஸ்கீயைத் தானே பார்க்கத் தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் எட்ஜ். கல்லில் உரசும்போது சூடேறி இரும்பு அந்த இடத்தில் மட்டும் இறுகிப்போகும். நேராக ஃபைல் வைத்தால் பிடிக்காமல் வழுக்கும், ஃபைலின் பல்லும் மழுங்கும். டைமண்ட் ஸ்டோனை ஈரப்படுத்தி இறுகிய இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். வழுக்குகிற சத்தம் மாறிக் கரகரவென்று வந்தால் இறுக்கம் போயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு 88 டிகிரி கைடில் ஃபைலை வைத்து, ஒரே பக்கமாக, நீளமாக இழுக்க வேண்டும். உஸ்தாத் ஃபைல் இழுப்பதைப் பார்த்தால் தோள் அசையாது. இடுப்பு நகரும், கை அதோடு போகும். முடித்ததும் கட்டைவிரல் நகத்தை எட்ஜில் குறுக்கே வைத்து இழுப்பார். நகத்தில் வெள்ளைப் பொடி சீவினால் தலையாட்டுவார், இல்லாவிட்டால் ஸ்கீயை நம் பக்கமே தள்ளிவிடுவார்.

பிறகு பேஸ். பள்ளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கிழிந்த ஓரத்தைக் கத்தியால் சீராக்கி, பி-டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குச்சியைப் பற்றவைத்துச் சொட்ட வேண்டும். அவசரக்காரர்கள் கெடுப்பது இங்கேதான். சுடர் பெரிதாக எரிந்தால் கரி சேரும். கரி விழுந்த இடம் ஒட்டாது, மறுநாள் முதல் இறக்கத்திலேயே பெயர்ந்து போகும். முதல் சொட்டுகளை ஸ்கிரேப்பர் தகட்டில் விட்டு, குச்சியைத் திருப்பிக்கொண்டே இருந்து, சுடர் சுருங்கி நீலமான பிறகுதான் பேஸுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. மெல்லிய படலம், ஆறவிடு, இன்னொரு படலம். மரம் தெரியும் அளவு ஆழமென்றால் பி-டெக்ஸ் மட்டும் பிடிக்காது; அடியில் எபாக்ஸி வைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். கடைசியில் வாக்ஸ்: அயர்ன் புகையக் கூடாது, ஓரிடத்தில் நிற்கவும் கூடாது. அந்தப் பெண் மத்தியானக் கோபத்தோடுதான் மேஜைக்கு வந்தாள். மூன்றாவது பள்ளத்தை அவளே நிரப்பினாள். ஆறிய பிறகு ஸ்கிரேப்பரால் சீவி, விரலால் தடவி, எது பழைய பேஸ், எது தான் நிரப்பியது என்று தேடிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் பூட் மாட்டி நின்றதும் அவள்தான்.

சொந்தமாக ஸ்கீ வாங்கினால் இந்த ஊரில் வைத்திருப்பது தனி வேலை. ஐப்பசி மழையில் நம் பக்கத்து ஈரத்துக்கு எட்ஜ் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். ஏப்ரலிலேயே கனமாக வாக்ஸ் உருக்கி எட்ஜும் மூடும்படி ஊற்றிவிடுங்கள்; சீவ வேண்டாம், அடுத்த குளிர்காலம் கிளம்பும்போது சீவினால் போதும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்தால் ஒட்டுப் பிரிந்துவிடும். கட்டிலுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். பூட்டின் உள்லைனரைக் கழற்றி நன்றாகக் காயவைத்து, பக்கிளை லேசாக மாட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஓடு விரிந்துவிடும்.

போகும் மாதத்தைப் பற்றிக் கேட்டால், ஜனவரியை விட்டுவிட்டு பிப்ரவரி கடைசி என்பேன். அதுவும் உறுதியில்லை. 2025-ல் பிப்ரவரி 22-ல் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா பனிப் போட்டிகளையே பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச் 9-ல்தான் நடத்தினார்கள். சென்ட்ரலிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகும். 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் இருக்கிறது. முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அதற்குள் சில்லை கலான் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் திரும்பும் டிக்கெட்டில் மூன்று நாலு நாள் தளர்த்தி வையுங்கள். கிளம்பும் முன் இரண்டு சாயங்காலம் குத்தம்பாக்கம் வந்து போங்கள். பழைய ஸ்கீ ஒரு ஜோடி, ஃபைல், பி-டெக்ஸ் எல்லாம் வராந்தாவில் இருக்கின்றன. எட்ஜ் பிடித்துப் பழகிக்கொள்ளலாம்.