மருந்தை விடும் காலம்

மருந்து உண்ணத் தொடங்குவது எளிது. வைத்தியர் எழுதிக் கொடுக்கிறார். மருந்துக்கடைக்காரர் காலை ஒன்று, இரவு ஒன்று என்று உறையிற் குறித்துத் தருகிறார். வீட்டிலுள்ளோர் நேரந் தவறாமல் தண்ணீருங் கையுமாக வந்து நிற்கின்றனர். ஆயின், ஆண்டுக்கணக்கில் உண்டு பழகிய மருந்தொன்றை விடுவது எவ்வாறு என்பதை நம்மிற் பலர் சிந்திப்பதேயில்லை. நோய் தணிந்தால் மருந்தும் தானே விலகிவிடும் என்றே எண்ணுகின்றோம். இருதயத்துக்கான மருந்துகளிற் சில அவ்வாறு சொல்லாமற் கொள்ளாமல் விலகுவன அல்ல. அவற்றை விடுவதற்கும் ஒரு முறையுண்டு. விடும் காலத்துக்கென்றே சில உபாதைகளும் உண்டு. அவ்வுபாதைகளை நாமே அண்மையில் அனுபவித்தோமாதலால், அதுபற்றிச் சிறிது எழுதுவது வாசகர்களுக்கும் அவர்தம் வீட்டு முதியோர்க்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

பதினொரு ஆண்டுகளாக நாம் உட்கொண்டு வந்த மருந்து அற்றெனோலோல் என்பது. இரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் 50 மில்லிகிராம் குளிசை ஒன்று. அது தன் கடமையைச் செவ்வனே செய்துவந்தது. ஆயினும் வயது ஏற ஏற, நாற்காலியை விட்டு எழும்போது தலை சுற்றலாயிற்று. கோயில் வீதியை ஒருமுறை வலம் வருவதற்குள் கால் சோர்ந்தது. மார்கழிக் குளிரிற் கைகால் விறைத்தன. மாதாந்தக் கிளினிக்கில் நாடியைப் பிடித்துப் பார்த்த வைத்தியர், நிமிடத்துக்கு 46 என்று கணக்கிட்டார். எம்மிடம் படித்த பிள்ளைகளின் வயதுடைய இளம் பெண் அவர்.

“மாஸ்டர், உங்கட நாடி நல்லா மெதுவாப் போகுது. இந்தக் குளிசையை மெல்ல மெல்ல விடுவம். பிறஷருக்கு வேறொன்று தாறன். ஆனால் நான் சொல்லுற கணக்கிலதான் குறைக்கவேணும். நாளைக்கே நிப்பாட்டிப் போடாதேங்கோ. இடையில கொஞ்சம் கரைச்சல் தரும், பயப்படாதேங்கோ” என்றார்.

அவர் சொன்ன ‘கரைச்சல்’ யாது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, இம்மருந்தின் வரலாற்றைச் சற்று அறிதல் வேண்டும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் இதன் மூலகர்த்தா. 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் விரிவுரையாளராக இருந்து, பின்னர் தாய்நாடு திரும்பி ஆராய்ச்சியில் இறங்கியவர். நெஞ்சுவலி என்பது இருதயத் தசைக்கு வேண்டிய அளவு பிராணவாயு கிட்டாமையால் வருவது. பிராணவாயுவைக் கூட்டிக் கொடுக்கும் வழியை ஏனையோர் தேடிக்கொண்டிருக்க, இருதயத்தின் தேவையையே குறைத்தாலென்ன என்று இவர் எண்ணினார். அச்சத்திலும் கோபத்திலும் ஓட்டத்திலும் உடலிற் சுரக்கும் அட்ரினலின், இருதயத்தை விரைந்தடிக்கத் தூண்டுகிறது. அத்தூண்டுதலை இருதயம் ஏற்காதவாறு தடுக்கும் புரொப்ரனோலோல் என்ற மருந்தை அவரும் அவருடைய குழுவினரும் 1960களின் முற்பகுதியில் உருவாக்கினர். 1988ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசை அவர் மற்றிருவருடன் பகிர்ந்துகொண்டார். பீட்டா தடுப்பிகள் என்பது இம்மருந்துக் குடும்பத்தின் பெயர். அற்றெனோலோல், மெற்றோப்ரொலோல், பிசோப்ரொலோல் முதலியன அக்குடும்பத்திற் பின் பிறந்தவை.

மாரடைப்பால் வலுவிழந்த இருதயத்துக்கும், தாளந் தப்பித் துடிக்கும் இருதயத்துக்கும் இவை இன்றும் அருமருந்துகள். வேறு சிக்கல் எதுவுமின்றி இரத்த அழுத்தம் மாத்திரம் உள்ளவர்க்கோ, 2006இல் வெளியான பிரித்தானிய வழிகாட்டி இவற்றை முதல் மருந்தாகக் கொள்ளும் வழக்கத்தைக் கைவிட்டது. ஆகையினால், எம்மைப்போல் நெடுங்காலத்துக்கு முன் இதனைத் தொடங்கியவர்களுள் ஒருசிலருக்கு, இப்போது இதனை விடும் காலம் வாய்க்கின்றது.

விடுவதில் என்ன இடர்? இருதயத்தின் உயிரணுக்களின் மேற்புறத்தில், அட்ரினலின் கொண்டுவரும் செய்தியை வாங்கும் ஏற்பிகள் உள்ளன. அவற்றைக் காதுகள் என்று வைத்துக்கொள்வோம். மருந்து அக்காதுகளைப் பொத்திவிடுகிறது. நாட்கணக்காகச் செய்தி கேளாத உயிரணு சும்மா இருப்பதில்லை. புதிது புதிதாகக் காதுகளை முளைப்பித்துக்கொள்கிறது. மருந்து உள்ளவரை இதனால் தீங்கில்லை. மருந்தைத் திடீரென நிறுத்தினாலோ, அது ஓரிரு நாளில் உடலை விட்டு நீங்கிவிடுகிறது. பெருகிய காதுகள் குறைவதற்குப் பல நாட்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில், அட்ரினலின் மெல்லப் பேசினாலும் இருதயத்துக்கு அது இடிமுழக்கமாகக் கேட்கின்றது. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, உறக்கம் கெடுகிறது, காரணமில்லாத ஓர் அச்சம் மனத்திற் புகுந்துகொள்கிறது.

1970களின் நடுப்பகுதியில், நெஞ்சுவலிக்காகப் புரொப்ரனோலோல் உண்டவர்களிற் சிலர் அதனைத் திடீரென நிறுத்தியபோது வலி முன்னிலுங் கடுமையாக மீண்டதையும், சிலருக்கு மாரடைப்பே ஏற்பட்டதையும் வைத்தியர்கள் எழுதிவைத்தனர். அதன்பின், குறைந்தது ஒன்றிரண்டு வாரங்களாவது எடுத்துப் படிப்படியாகவே இதனைக் குறைக்கவேண்டும் என்பது விதியாயிற்று.

எமக்கு விதிக்கப்பட்ட கணக்கு அதனிலும் நிதானமானது. முதலிரு வாரம் 25 மில்லிகிராம்; அடுத்த இரு வாரம் அதிற் பாதி; அதன்பின் நிறுத்தம். இக்கணக்கு எமது உடல்நிலையை நோக்கி எமக்கென வகுக்கப்பட்டது. பிறர் இதனைத் தமக்குக் கொள்ளலாகாது. ஒரே மருந்தை உண்பவர் இருவர்க்கும் விடும் முறை ஒன்றாக இராது.

வைத்தியர் எம்மை ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். திகதி, நாடி, இரத்த அழுத்தம், உணர்ந்த உபாதை என நான்கு நிரல்கள் கீறி, காலையும் மாலையும் எழுதி வந்தோம். அக்கொப்பியே எமக்குப் பெருந்துணையாயிற்று. மருந்தைக் குறைத்த முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் நாடி ஏறத் தொடங்கும். நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை உபாதை மிகும். பத்தாம் நாளளவில் அது தணியும். அடுத்த படியிலும் அதே ஏற்றம், அதே இறக்கம். இதனை எழுத்திற் கண்டபின், இன்று வந்த படபடப்பு என்றும் நிலைக்கப்போவதில்லை என்ற துணிவு பிறந்தது. எழுதாதிருந்திருப்பின், ஐந்தாம் நாளின் துன்பமே ஆயுள் முழுவதற்கும் உரியது என்று மனம் முடிவு கட்டியிருக்கும்.

கையெழுத்தே எமக்கு முதல் அடையாளம் ஆயிற்று. நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை, ‘ழ’கரத்தின் வளைவில் நடுங்கியது. கை நடுக்கத்தையும் ஒற்றைத் தலைவலியையும் மேடை அச்சத்தையுங்கூட இக்குடும்ப மருந்துகள் தணித்து வைக்க வல்லன. மருந்து விலகும்போது அது மூடிவைத்திருந்தவை சில வெளிப்படுதலும் உண்டு. அதனைப் புதிய நோய் என்று கலங்குதல் வேண்டா. ஆனால் வைத்தியரிடம் சொல்லாது விடுதலுங் கூடாது.

இரண்டாம் படியின் ஐந்தாம் இரவு மறக்கற்பாலதன்று. நள்ளிரவு கழிந்து விழித்தபோது உடல் வியர்த்திருந்தது. நெஞ்சு அடிப்பது காதிற் கேட்டது. விளக்கை ஏற்றிய எம் இல்லாள், கடிகாரத்தைப் பார்த்தபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எண்ணிப் பாத்தன், தொண்ணூற்றாறு. நெஞ்சு நோகுதோ?”

“இல்லை.”

“இடக்கை? நாடிப்பக்கம்? மூச்சு முட்டுதோ?”

“இல்லை.”

“அப்ப எழும்பி இருங்கோ. நானும் இருக்கிறன்.”

வைத்தியர் எழுதிக் கொடுத்த கேள்விகளையே அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். பதில் யாவும் ‘இல்லை’ என்பதாயிருந்தமையால் காத்திருந்தோம். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணினார். தொண்ணூறாகி, எண்பத்திரண்டாகி, சேவல் கூவும் வேளையில் எழுபத்தெட்டானது. காலையில் தொலைபேசியில் அறிவித்தோம். வைத்தியர் அந்தப் படியை மேலும் ஒரு வாரம் நீட்டினார். நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் திருவள்ளுவர். அந்த நான்காங் கூறின் பெறுமதியை அன்றிரவு நாம் நன்கு உணர்ந்தோம். மருந்தை விடுவோர் தனித்திருந்து விடுதல் நன்றன்று. வீட்டிலொருவராவது நாடி எண்ணப் பழகியிருத்தல் வேண்டும். பெருவிரற் பக்கமாக மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் போதும். பத்து வயதுப் பிள்ளையும் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

உபாதை மிகுந்த நாட்களில் எமக்கு உதவியவை சிறு காரியங்களே. காலைக் கோப்பி ஒன்றோடு நிறுத்தினோம். கோப்பியும் கடுந்தேநீரும் படபடப்பைக் கூட்டுவன. வெயிலில் நின்று கிணற்று நீர் அள்ளுதல் முதலான கடும் வேலைகளை ஒத்திவைத்தோம். ஆறுதலான நடையை விட்டோமில்லை. இரவுச் செய்தியும் அரசியல் வாதமும் ஒரு மாதம் ஓய்வு பெற்றன. அட்ரினலினை வீணே அழைப்பானேன்? தடிமனுக்கென்று கடையில் வாங்கும் சில மருந்துகளும் நாடியையும் அழுத்தத்தையும் ஏற்றுமாதலால், கேளாமல் எதனையும் விழுங்கினோமில்லை.

எல்லாரும் எம்மைப்போல் விரும்பி, முறையாக விடுபவர் அல்லர். 2022ஆம் ஆண்டில் நாட்டிற் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, மருந்துத் தட்டுப்பாடு எத்தனை வீடுகளை வாட்டியது என்பதை வாசகர்கள் அறிவர். எம் அயலில் வாழும் முதியவர் ஒருவர், நெஞ்சுவலிக்காக இதே குடும்பத்து மருந்தை உண்டு வந்தவர். மருந்து முடிந்தது; மூன்று கடைகளில் இல்லை என்றனர். பெற்றோலும் கிடையாத காலம். ‘ஒரு கிழமைதானே’ என்று இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் படலையைத் திறக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். அயலார் முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்றமையால் உயிர் தப்பினார். ‘மருந்து இல்லாத நாளில் வருத்தம் கூடினதென்று நினைத்தேன், மருந்தை விட்டதே வருத்தமாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை’ என்று அவர் பின்னர் எம்மிடம் கூறியது இன்னும் எம் செவியில் நிற்கிறது. கையில் ஒரு வார மருந்து மிச்சமிருக்கும்போதே அடுத்ததைத் தேடவேண்டும் என்பதும், கிடையாதாயின் அதே குடும்பத்து வேறு மருந்தை வைத்தியர் மாற்றித் தரக்கூடும் என்பதும் அவர் அறிந்திருப்பின், அத்துன்பம் நேர்ந்திராது.

பொறுக்கக்கூடிய உபாதை எது, பொறுக்கலாகாதது எது என்பதே இதில் அறியவேண்டிய முதன்மையான விஷயம். நெஞ்சில் அழுத்தமோ வலியோ, கைக்கும் தாடைக்கும் பரவும் நோவோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ, ஓய்ந்திருந்தும் தணியாத கடும் படபடப்போ கண்டால், அது மருந்தை விட்டதனால் வந்ததா நோயினால் வந்ததா என்று வீட்டிலிருந்து ஆராய்தல் தகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நம் நாட்டில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விடும்போது உடல் முறையிடும் மருந்துகளும் உள, முறையிடாதனவும் உள. இரத்த அழுத்தத்துக்கான குளொனிடின் என்னும் மருந்தைச் சட்டென நிறுத்தினால் அழுத்தம் மிக வேகமாக ஏறும். ஆனால் இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் குளிசையை நிறுத்தினால், அன்று ஒன்றுந் தெரியாது, நடுக்கமில்லை, படபடப்பில்லை. அந்த அமைதியே ஆபத்தானது. குழாய்க்குள் இரத்தம் உறைந்தபின்னரே தெரியவரும். ஆகவே, ‘விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை’ என்பது எம்மருந்துக்கும் நற்சான்று ஆகாது.

நாம் மருந்தை முற்றாக விட்டு இப்போது மூன்று மாதங்கள் ஆகின்றன. நாடி எழுபதுக்கும் எழுபத்துநான்குக்கும் இடையில் நிற்கிறது. கோயில் வீதியை மூன்றுமுறை வலம் வருகின்றோம். ‘ழ’கரமும் ஒருவாறு வளைகிறது.

மாணாக்கர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பு, ஆச்சி கிளினிக்குக்குப் போகும் அடுத்த நாளில், அவர்களுடைய மருந்துச் சிட்டையோடு ஒரு தாளையும் கொடுத்தனுப்புங்கள். அதில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: இம்மருந்து கிடையாமற் போனால் என்ன செய்வது? இதனை விடவேண்டி வந்தால் எந்தக் கணக்கில் விடுவது? என்ன அறிகுறி கண்டால் உடனே ஓடிவருவது? விடைகளைத் தெளிவான எழுத்தில் எழுதி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.